பாயின்ட்டிலிருந்து எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு: பழைய வி8 கார் வைத்திருப்போரின் கேள்விகள்

1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் வந்த அமெரிக்க மஸில் கார்களில் சி.பி. பாயின்ட்டை (பொறிக்கான உயர் வோல்ட்டேஜ் தரும் காயிலின் கரண்டைத் திறந்து மூடும் சிறிய சுவிட்ச்) எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். வண்டிகள் வேறுவேறு. ஆனாலும் பாதிக் கேள்விகளுக்கு விடை ஒரே இடத்தில்தான் கிடைக்கிறது: புதிதாகப் போட்ட பொருளுக்குப் போய்ச் சேரும் கரண்ட்.

கேள்வி: 1968 செவெல், 327 (கன அங்குல) இன்ஜின். பாயின்ட் செட்டை ஒழுங்காகப் பராமரிக்கிறேன், வண்டியும் நன்றாகவே ஓடுகிறது. எலக்ட்ரானிக்குக்கு மாறினால் இழுவை கூடுமா?

பதில்: கூடாது. சரியாக வைத்த பாயின்ட்டுக்கும் நல்ல எலக்ட்ரானிக் செட்டுக்கும் சாதாரண ஓட்டத்தில் இழுவையில் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரிவது சில ஆயிரம் மைல் ஓடிய பிறகு.

டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் கேமில் உரசிக்கொண்டே இருக்கும் ஃபைபர் துண்டு தேயத் தேய, பாயின்ட் இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயின்ட் மூடியிருக்கும் கோணம், அதாவது டுவெல், கூடும். டுவெல் 1 டிகிரி கூடினால் டைமிங்கும், அதாவது பொறி விழும் நேரமும், ஏறக்குறைய 1 டிகிரி பின்னுக்குப் போகும். உங்கள் இன்ஜினுக்கு டுவெல் 30 டிகிரி. 2 டிகிரி முன்பின் இருந்தால் பரவாயில்லை. அது மெல்ல மெல்ல 34-க்கு வந்துவிட்டால், நீங்கள் எதையும் தொடாமலேயே 4 டிகிரி டைமிங் போயிருக்கும். வண்டி மந்தமாகிவிட்டது என்று கார்புரேட்டரைக் கழற்றிப் பார்ப்பவர்கள் பலர். கோளாறு அங்கே இருக்காது. எலக்ட்ரானிக்கில் உரசும் பொருளே இல்லை என்பதால் வைத்த டைமிங் வைத்தபடி நிற்கும். இதுதான் முதல் லாபம்.

இரண்டாவது, அதிக வேகத்தில். எட்டு சிலிண்டர் இன்ஜின் 6000 ஆர்.பி.எம்.-மில் ஓடும்போது ஒரு விநாடிக்கு 400 பொறி வேண்டும். ஒரு பொறிக்குக் கிடைப்பது 2.5 மில்லி விநாடி. டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு சிலிண்டருக்கு உள்ள 45 டிகிரியில் 30 டிகிரிதான் பாயின்ட் மூடியிருக்கிறது. ஆகவே காயில் கரண்ட் வாங்க மிஞ்சுவது 1.7 மில்லி விநாடி கூட இல்லை. அதற்குள் காயில் முழுதாக நிரம்பாது. போதாததற்கு அந்த வேகத்தில் பாயின்ட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பாயின்ட் மூடும்போது துள்ளவும் செய்யும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாயின்ட் இருந்த இடத்தில் அப்படியே உட்காரும் எளிய மாட்யூல்கள் துள்ளலை நிறுத்தும், தேய்மானத்தை நிறுத்தும். பழைய காயிலோடு போட்டால் பொறியின் பலத்தைப் பெரிதாகக் கூட்டாது. பலமான பொறி வேண்டுமென்றால் ஜி.எம்.-மின் எச்.இ.ஐ. (ஹை எனர்ஜி இக்னிஷன்), ஃபோர்டின் டியூராஸ்பார்க், அல்லது தனிப் பெட்டியாக வரும் கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் வகைக்குப் போக வேண்டும்.

கம்பெனிகள் மாறியதற்குக் காரணமும் இழுவை அல்ல. பான்டியாக் 1963-லேயே டெல்கோட்ரானிக் என்ற பெயரில் டிரான்சிஸ்டர் இக்னிஷனை விருப்பத் தேர்வாகக் கொடுத்தது, வாங்கியவர்கள் குறைவு. கிரைஸ்லர் 1971-ல் 340 இன்ஜினில் தொடங்கி 1973-ல் தன் கார்கள் எல்லாவற்றிலும் போட்டது. 1975-ல் எச்.இ.ஐ. ஜி.எம். கார்கள் அனைத்துக்கும் வந்தது. அதே ஆண்டில்தான் அமெரிக்கக் கார்களில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் பரவலாக வந்தது. மிஸ் அடித்து எரியாமல் வெளியேறும் பெட்ரோல் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். 50,000 மைல் வரை புகை அளவு கட்டுக்குள் இருக்க வேண்டுமென்ற விதியைச் சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை தேயும் பாயின்ட்டை வைத்துக்கொண்டு காப்பாற்ற முடியாது.

ஆண்டுக்குச் சில நூறு மைல் மட்டும் ஓட்டுவீர்கள், டுவெல் மீட்டர் பிடிக்கத் தெரியும் என்றால், பாயின்ட்டே போதும். கேமுக்குக் கொஞ்சம் கிரீஸ் வைத்துவிட்டு விட்டுவிடுங்கள். அடிக்கடி ஓட்டுகிறவர் என்றால் மாறுங்கள். மாறுமுன் டிஸ்ட்ரிபியூட்டரைப் பாருங்கள். தண்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் 0.006 அங்குலத்துக்கு மேல் ஆடக் கூடாது. கார்புரேட்டரிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாயைக் கழற்றிவிட்டு ஐடிலிங்கிலும் 2000 ஆர்.பி.எம்.-மிலும் டுவெல் பாருங்கள். 3 டிகிரிக்கு மேல் மாறினால் புஷ் தேய்ந்திருக்கிறது. ஆடும் தண்டின் மேல் எந்த மாட்யூலைப் போட்டாலும் டைமிங்கும் ஆடும்.

கேள்வி: 1967 மஸ்டாங், 289. வெளியே தெரியாதபடி பெர்ட்ரானிக்ஸ் கம்பெனியின் இக்னைட்டர் மாட்யூலைப் போட விரும்புகிறேன். ஒரிஜினல் டேக்கோமீட்டர் வேலை செய்ய வேண்டும். எந்த வயரை எங்கே கொடுப்பது?

பதில்: முதலில் காயிலை அளந்துவிடுங்கள். வயர்களைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து, காயிலின் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே பாருங்கள். மீட்டர் வயர்கள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு சிறிய அளவில் அதுவே கணக்கைப் புரட்டிவிடும். முதல் தலைமுறை இக்னைட்டருக்கு எட்டு சிலிண்டரில், காயிலும் அதற்கு முன்னால் கரண்டைக் குறைக்கும் ரெசிஸ்டரும் சேர்ந்து குறைந்தது 1.5 ஓம் இருக்க வேண்டும். 14 வோல்ட்டில் 1.5 ஓம் என்றால் சுமார் 9 ஆம்பியர். அதையே 0.6 ஓம் காயிலோடு நேராகக் கொடுத்தால் 23 ஆம்பியர் இழுக்கும். மாட்யூல் அப்போதே போய்விடும். 0.6 ஓம் காயில் இரண்டாம் தலைமுறை இக்னைட்டருக்கு உரியது. பெட்டியின் நிறத்தைப் பார்த்து வாங்காமல் ஓம் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் மஸ்டாங்கில் இக்னிஷன் சுவிட்சிலிருந்து காயிலுக்கு வரும் பிங்க் வயரே ரெசிஸ்டர். அந்தக் கால ஃபோர்டின் ஒரிஜினல் டேக்கோமீட்டர் காயிலுக்குப் போகும் கரண்ட் தன் வழியாகவே போகும்படி, அதாவது சீரீஸில், இணைக்கப்பட்டது. எனவே பிங்க் வயரை வெட்டிவிட்டு நேராக 12 வோல்ட் கொடுத்தால் டேக்கோமீட்டர் செத்துவிடும். பிங்க் வயரையும் பழைய காயிலையும் அப்படியே விட்டுவிடுங்கள். இக்னைட்டரின் கறுப்பு வயர் காயில் நெகட்டிவுக்கு. சிவப்பு வயர் மட்டும் முழு 12 வோல்ட் உள்ள வேறு இடத்துக்கு, அதாவது பிங்க் வயர் தொடங்குவதற்கு முன்னால், சுவிட்சின் பக்கத்தில்.

சிவப்புக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது மீட்டரை வைத்து இரண்டு முறை பாருங்கள்: சாவி ரன்னில் இருக்கும்போது ஒருமுறை, ஸ்டார்ட்டைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது ஒருமுறை. இரண்டிலும் பேட்டரி வோல்ட்டேஜ் இருக்க வேண்டும். ரேடியோ, ஹீட்டர் வயர்கள் ஸ்டார்ட்டில் செத்துவிடும். அங்கே இணைத்தால் வண்டி கிராங்க் ஆகுமே தவிரப் பற்றாது. ஸ்டார்ட்டர் சோலனாய்டின் ‘ஐ’ முனையும் உதவாது. அதில் முழு பேட்டரி வோல்ட்டேஜ் வருவது ஸ்டார்ட் செய்யும்போது மட்டும்தான்.

உள்ளே மாட்டும் வேலை அரை மணி நேரம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். கேப், ரோட்டர், பாயின்ட், கண்டன்சர் எல்லாவற்றையும் எடுங்கள். கண்டன்சரை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் விட்டுவைக்காதீர்கள். மாட்யூலோடு சேர்ந்து அது மிஸ் அடிக்க வைக்கும். தட்டில் உள்ள பழைய கிரீஸைத் துடைத்து உலர்த்துங்கள். தட்டுக்கும் உடலுக்கும் நடுவே ஒரு சின்ன எர்த் வயர் இருக்கும். அது அறுந்திருந்தால் மாட்யூலுக்கு எர்த்தே கிடையாது; புதிது போடுங்கள். வேக்குவம் இழுக்கும்போது தட்டு நகரும் என்பதால் வயர் மெல்லிய பல இழை வயராக இருக்க வேண்டும். காந்த வளையத்தைக் கேமின் மேல் வைத்து, ரோட்டரால் அழுத்தி அடி வரை இறக்குங்கள். மாட்யூலுக்கும் வளையத்துக்கும் இடையே சுமார் 0.030 அங்குலம் வைத்து முடுக்குங்கள். பிறகு தட்டைக் கையால் இரண்டு பக்கமும் நகர்த்தி, வயர் எதிலும் உரசவில்லை, இழுபடவில்லை என்று பார்த்த பின்பே கேப்பை மூடுங்கள்.

கேள்வி: 1970 சார்ஜர், 383. கிரைஸ்லர் வகை எலக்ட்ரானிக் செட் முழுவதும் போட்டாயிற்று. சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை பற்றுவதில்லை. விட்ட அந்த நொடியில் பற்றிக்கொள்கிறது. ஏன்?

பதில்: இந்தக் கோளாறு எங்கே இருக்கிறது என்பதை அறிகுறியே சொல்லிவிடுகிறது.

மோபார் (கிரைஸ்லர்) வண்டிகளில் இக்னிஷன் சுவிட்சிலிருந்து இரண்டு தனி வயர் வருகின்றன. நீல வயர் ரன்னில் மட்டும் உயிரோடிருக்கும். ஸ்டார்ட் செய்யும்போது செத்துவிடும். பழுப்பு வயர் அதற்கு நேரெதிர்: ஸ்டார்ட்டில் மட்டும் உயிர். நீலம் பேலஸ்ட் ரெசிஸ்டரின் ஒரு முனையில் வரும், பழுப்பு மறு முனையில், காயில் பாசிட்டிவ் பக்கத்தில் வரும். ஸ்டார்ட் செய்யும்போது பழுப்பு வயர் காயிலுக்கு முழு வோல்ட்டேஜ் கொடுக்கும். அதே கரண்ட் ரெசிஸ்டர் வழியாகப் பின்னோக்கிப் போய் கன்ட்ரோல் பெட்டிக்கும் உயிர் கொடுக்கும். தொழிற்சாலை ஏற்பாடே அதுதான்.

உங்கள் வண்டியில் பழுப்பு வயர் இணைக்கப்படவில்லை, அல்லது தீச்சுவரில் (இன்ஜினுக்கும் காரின் உட்புறத்துக்கும் நடுவே உள்ள தகடு) உள்ள கனெக்டரில் அரித்துப்போயிருக்கிறது, அல்லது ரெசிஸ்டரின் தவறான முனையில் மாட்டப்பட்டிருக்கிறது. ஒருவர் ஸ்டார்ட் பிடிக்கட்டும். நீங்கள் காயில் பாசிட்டிவில் வோல்ட்டேஜ் பாருங்கள். 9.5 முதல் 10.5 வரை வந்தால் சரி. ஒன்றுமே வராவிட்டால் பழுப்பு வயரைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

இதன் நேர்மாறான கோளாறும் உண்டு: ஸ்டார்ட் பிடித்திருக்கும்வரை இன்ஜின் உயிரோடிருக்கும், சாவியை விட்டதும் நின்றுவிடும். அப்படியானால் பேலஸ்ட் ரெசிஸ்டர் உள்ளே அறுந்திருக்கிறது. அந்த ரெசிஸ்டர் பீங்கான் உடலுக்குள் இருக்கும் மெல்லிய கம்பிதான். சூடாகி ஆறிச் சூடாகி ஆறி ஒருநாள் அறும். அதில் இன்னொன்றைக் கார் கையுறைப் பெட்டியில் எப்போதும் வைத்திருங்கள்.

செட் புதிது என்பதால் இன்னும் மூன்று இடங்களைப் பார்த்துவிடுங்கள். கன்ட்ரோல் பெட்டிக்கு எர்த் அதன் உடல் வழியாகத்தான் கிடைக்கிறது. புதிதாகப் பெயின்ட் அடித்த தீச்சுவரில் அப்படியே திருகினால் எர்த் வராது. திருகு உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு முடுக்குங்கள். டிஸ்ட்ரிபியூட்டரில் தண்டோடு சுற்றும் பல்சக்கரமான ரிலக்டரின் பல்லுக்கும் பிக்கப் காயிலுக்கும் இடைவெளி 0.008 அங்குலம். பித்தளை ஃபீலர் கேஜால்தான் வைக்க வேண்டும். இரும்புக் கேஜைப் பிக்கப்பின் காந்தம் இழுத்துப் பிடித்துக்கொண்டு பொய் அளவு காட்டும். மூன்றாவது ரிலக்டரே. அதில் இரண்டு சாவிப் பள்ளம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி உண்டு. 383-இன் டிஸ்ட்ரிபியூட்டர் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். 318, 340 வகை கடிகாரத் திசையில் சுற்றும். சின்ன இன்ஜினிலிருந்து எடுத்த ரிலக்டரைத் திருப்பாமல் போட்டால், பல்லின் முனையும் ரோட்டரின் முனையும் பொருந்தாமல் பொறி பக்கத்து முனைக்குத் தாவும்.

கேள்வி: பாயின்ட்டை எடுத்துவிட்டு மாட்யூல் போட்டேன். வண்டி பற்றியது, மேடேறும்போது மட்டும் நாக்கிங் கேட்கிறது. 1966 ஜி.டி.ஓ., 389.

பதில்: டைமிங் முந்திப் போயிருக்கிறது. பாயின்ட் திறக்கும் இடமும் காந்தம் மாட்யூலைத் தாண்டும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடவே இல்லை என்றாலும், மாற்றிய பிறகு டைமிங் லைட் பிடித்தே ஆக வேண்டும். வேக்குவம் குழாயைக் கழற்றி, கார்புரேட்டர் பக்கத் துளையை அடைத்துவிட்டு, மேனுவலில் உள்ள ஐடிலிங் டைமிங்கை வையுங்கள். பிறகு வேகத்தைக் கூட்டி, மார்க் மேற்கொண்டு நகராத இடத்தில் மொத்தம் எத்தனை டிகிரி என்று பாருங்கள். மேனுவலில் உள்ள ஐடிலிங் டிகிரியோடு டிஸ்ட்ரிபியூட்டரின் சென்ட்ரிஃப்யூகல் அட்வான்ஸை (வேகம் கூடக் கூடத் தானே முந்தும் அளவு) கூட்டினால் வரும் எண்ணைத் தாண்டினால் நாக்கிங் வரத்தான் செய்யும். மார்க் நிலையாக நிற்காமல் துள்ளினால் காந்த வளையம் முழுதாக இறங்கவில்லை, அல்லது தண்டு ஆடுகிறது.

கேள்வி: 1969 கமாரோ, 350. எச்.இ.ஐ. டிஸ்ட்ரிபியூட்டரையே முழுதாகப் போடப் போகிறேன். ‘ஒரே வயர்தான், பத்து நிமிட வேலை’ என்கிறார்கள். அப்படியா?

பதில்: ஒரே வயர்தான். அந்த ஒரு வயர் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. எச்.இ.ஐ.-க்கு முழு பேட்டரி வோல்ட்டேஜ் வேண்டும். உங்கள் காயிலுக்கு இப்போது வரும் வயர் துணி உறை போட்ட ரெசிஸ்டன்ஸ் வயர், சுமார் 1.8 ஓம். அதை எச்.இ.ஐ.-யில் மாட்டினாலும் வண்டி பற்றும், ஐடிலிங்கில் அழகாகவே நிற்கும். வேகம் கூடும்போது மிஸ் அடிக்கும். இதைப் பார்த்துவிட்டு ‘எச்.இ.ஐ. 4500-க்கு மேல் உதவாது’ என்று பலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். வோல்ட்டேஜ் முழுதாகக் கொடுத்துவிட்டு அவர்கள் மறுபடி பார்க்க வேண்டும்.

நாங்கள் பரிந்துரைப்பது ரிலே. 30 ஆம்பியர் ரிலேயின் 30-ஆம் முனைக்கு ஹார்ன் ரிலேயின் மெயின் பஸ் முனையிலிருந்து 12 கேஜ் வயர், நடுவே 20 ஆம்பியர் ஃபியூஸ். 87-ஆம் முனையிலிருந்து இன்னொரு 12 கேஜ் வயர் எச்.இ.ஐ.-யின் ‘பேட்’ முனைக்கு. 85 எர்த். 86-க்குப் பழைய காயில் பாசிட்டிவ் வயரையே கொடுக்கலாம். ரிலே இழுப்பது சுமார் 0.2 ஆம்பியர்தான். 1.8 ஓமில் அதற்கு விழும் வோல்ட்டேஜ் அரை வோல்ட் கூட இல்லை. ரிலே தாராளமாக ஒட்டும். சோலனாய்டின் ‘ஆர்’ முனையிலிருந்து வரும் மஞ்சள் வயர் இதே முனையில்தான் சேர்ந்திருக்கும். அதுவும் அப்படியே இருக்கட்டும், கெடுதல் இல்லை. இந்த முறையில் ஒரிஜினல் ஹார்னஸில் ஒரு வயரைக் கூட வெட்ட வேண்டியதில்லை. என்றாவது பாயின்ட்டுக்குத் திரும்ப நினைத்தால் ஒரு நட்டைக் கழற்றினால் போதும்.

இனி டிஸ்ட்ரிபியூட்டர். 1-ஆம் சிலிண்டர் கம்ப்ரெஷனில் இருக்க, கிராங்க் முனையில் உள்ள டேம்பரின் மார்க்கை 8 டிகிரி முன்னால் நிறுத்துங்கள். கேப்பைத் திறந்து, ரோட்டர் எதைக் காட்டுகிறது என்று தீச்சுவரில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். கிளாம்பை எடுத்து டிஸ்ட்ரிபியூட்டரை உயர்த்தும்போது ரோட்டர் கொஞ்சம் திரும்பும், ஏனென்றால் கியரின் பல் சாய்வானது. முழுதும் வெளிவந்த இடத்தில் ரோட்டர் நின்ற திசையையும் குறியுங்கள். புதியதை இரண்டாவது குறியில் தொடங்கி இறக்கினால், முதல் குறிக்குத் திரும்பி வந்து உட்காரும்.

கடைசிக் கால் அங்குலம் இறங்காமல் நின்றால், அடியில் ஆயில் பம்ப் தண்டின் தலைப்பள்ளம் பொருந்தவில்லை. கிளாம்பைப் போட்டு முடுக்கி இறக்கலாம் என்று நினைக்காதீர்கள். உள்ளே ஏதாவது வளையும், அல்லது உடையும். வெளியே எடுத்து, நீளமான திருப்புளியால் பம்ப் தண்டைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி இறக்குங்கள். இன்ஜினை மெதுவாகக் கையால் சுற்றினாலும் அது தானே விழுந்து பொருந்தும். அப்படிச் செய்தால் கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி மார்க்கைப் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும்.

கியரையும் கவனிக்க வேண்டும். ஒரிஜினல் வார்ப்பிரும்புக் கேமுக்கு வார்ப்பிரும்புக் கியர் சரி. இடையில் யாராவது எஃகு ரோலர் கேம் போட்டிருந்தால் அதற்கேற்ற மெலனைஸ்ட் கியரோ வெண்கலக் கியரோ வேண்டும். பொருந்தாத கியர் தேய்ந்து, தூள் ஆயிலில் கலந்து பேரிங்குக்குப் போகும்.

பிளக் வயர்கள் புதிதாக வேண்டும், எச்.இ.ஐ. கேப்பின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை, பழைய வயர் அதில் நிற்காது. சுற்று கடிகாரத் திசை, வரிசை 1-8-4-3-6-5-7-2. இதில் 5-ம் 7-ம் அடுத்தடுத்து பற்றுவதோடு இன்ஜினிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அந்த இரண்டு வயரையும் ஒட்டி இணையாகக் கட்டினால் ஒன்றின் பொறி மற்றொன்றில் தூண்டப்பட்டு 7-ஆம் சிலிண்டர் முன்கூட்டியே பற்றும். இரண்டையும் பிரித்து, முடிந்தால் குறுக்காக, கொண்டுபோங்கள்.

பிளக் இடைவெளியை 0.035-லிருந்து 0.045 அங்குலத்துக்கு மாற்றுங்கள். 0.060 வரை வைத்த தொழிற்சாலை எண்களைப் பார்த்திருப்பீர்கள். அவை மெலிந்த கலவையில் ஓடிய 70-களின் இன்ஜின்களுக்கானவை. உங்கள் இன்ஜினுக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது, கேப்பும் ரோட்டரும்தான் அடி வாங்கும்.

கேப்புக்குள் காயிலின் இரும்புச் சட்டத்தைக் கனெக்டரின் நடு முனையோடு சேர்க்கும் ஒரு சின்ன எர்த் பட்டை உண்டு. காயில் மாற்றும்போது பலர் அதைப் போட மறந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் பொறி வேறு வழியில் எர்த் தேடி மாட்யூலைக் கொல்லும். கடைசியாக, 70-களின் பிற்பகுதியில் வந்த பழைய எச்.இ.ஐ. ஒன்றை எடுத்துப் போடுகிறீர்கள் என்றால் அதன் அட்வான்ஸ் வேறு மாதிரி இருக்கும். ஐடிலிங் டைமிங்கை மட்டும் நம்பாமல், வேக்குவம் இல்லாமல் மொத்தம் 34 முதல் 36 டிகிரிக்குள் நிற்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எச்.இ.ஐ. போட்ட வண்டி. அரை மணி நேரம் ஓடியதும் திடீரென்று நின்றுவிடுகிறது. இருபது நிமிடம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் பற்றுகிறது. பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர் எல்லாம் பார்த்தாயிற்று.

பதில்: நின்ற அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும்; ஆறிய பிறகு எந்தச் சோதனையும் நல்ல விடையே தரும். ஒரு டெஸ்ட் லேம்ப் கையில் இருக்கட்டும். அதன் கிளிப் எர்த்தில், முனை டிஸ்ட்ரிபியூட்டரின் ‘டேக்’ முனையில். ஒருவர் கிராங்க் செய்யட்டும். லேம்ப் மின்னினால் பிக்கப்பும் மாட்யூலும் வேலை செய்கின்றன. காயில், ரோட்டர், கேப் பக்கம் போங்கள். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் மாட்யூல் காயிலை எர்த்தோடு இணைக்கவே இல்லை. எரியவே இல்லை என்றால், முதலில் ‘பேட்’ முனையில் வோல்ட்டேஜ் இருக்கிறதா என்று பாருங்கள்.

எரிந்துகொண்டே இருந்தால் சந்தேகம் இரண்டில்தான். ஒன்று, மாட்யூலின் அடியில் சூடு கடத்தும் பசை இல்லாமல் போட்டிருப்பார்கள். பழையதைத் துடைத்து, அடித்தட்டு பளிச்சென்று ஆனபின் புதுப் பசையை மெல்லிய பூச்சாகப் பூசித் திருகுங்கள். இன்னொன்றை அதிகம் பேர் கவனிப்பதில்லை: பிக்கப் காயிலின் இரண்டு வயர்கள். வேக்குவம் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் அவை மடங்கி நிமிர்கின்றன. நாளடைவில் உறை நன்றாக இருக்க, உள்ளே செம்பு அறுந்துவிடும். கனெக்டரை மாட்யூலிலிருந்து கழற்றி மீட்டரை வையுங்கள். 500 முதல் 1500 ஓம் வரை வர வேண்டும். மீட்டர் அப்படியே இருக்க, வேக்குவம் கையைத் திருப்புளியால் நகர்த்துங்கள், வயர்களை மெல்ல இழுத்தும் பாருங்கள். எண் ஒரு கணம் தாவினாலும் பிக்கப் போயிற்று. மாட்யூலை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் இந்தக் கோளாறு தீரவே தீராது.

கேள்வி: எம்.எஸ்.டி. 6ஏ என்ற கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் பெட்டியைப் பாயின்ட்டை வைத்துக்கொண்டே போட முடியுமா?

பதில்: முடியும். பெட்டியின் வெள்ளை வயர் பாயின்ட்டுக்கு. ஆரஞ்சு காயில் பாசிட்டிவுக்கு, மெல்லிய கறுப்பு காயில் நெகட்டிவுக்கு. காயிலில் இந்த இரண்டு வயரைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. தடித்த சிவப்பும் தடித்த கறுப்பும் நேராக பேட்டரிக்கு. மெல்லிய சிவப்பு, சாவி போட்டால் உயிர் வரும் வயருக்கு. அங்கே பழைய பேலஸ்ட் வயரையே கொடுக்கலாம், ஏனென்றால் அது பெட்டியை எழுப்புவதற்கு மட்டும்தான். பாயின்ட் வழியாக இப்போது மிகக் குறைந்த கரண்ட்தான் போகும் என்பதால் முனை கருகாது. ஃபைபர் துண்டு தேய்வது மட்டும் பழையபடியே தொடரும். டுவெல் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

டேக்கோமீட்டரைப் பெட்டியின் டேக் முனையில் கொடுங்கள். மேலே சொன்ன ஃபோர்டின் பழைய டேக்கோமீட்டர் இதோடு நேராக வேலை செய்யாது. ஓடும்போது காயிலின் சின்ன முனைகளைக் கையால் தொட வேண்டாம். பாயின்ட் செட்டில் அலட்சியமாகத் தொட்ட பழக்கம் பலருக்கு இருக்கும். இந்தப் பெட்டி அங்கே 400 வோல்ட்டுக்கும் மேல் அனுப்புகிறது.

கேள்வி: செம்புக் கம்பி பிளக் வயர் வைத்திருக்கிறேன். மாட்யூல் போட்டபின் அதையே தொடரலாமா?

பதில்: கூடாது. செம்புக் கம்பி வயர் பரப்பும் ரேடியோ இரைச்சல் மாட்யூலைக் குழப்பி, தேவையில்லாத நேரத்தில் பொறி விடச் செய்யும். ஸ்பைரல் கோர் வயர் போடுங்கள்.

கேள்வி: வண்டியை நிறுத்திவிட்டு ரேடியோ கேட்பது வழக்கம். எலக்ட்ரானிக் போட்டவர்கள் அதைச் செய்யக் கூடாது என்கிறார்களே?

பதில்: சாவியை அக்சசரி நிலையில் வைத்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேளுங்கள். ரன்னில் வைத்துவிட்டு இன்ஜினை ஓட விடாமல் உட்காரக் கூடாது. முதல் தலைமுறை இக்னைட்டர் போன்ற எளிய மாட்யூலில் இன்ஜின் எந்த இடத்தில் நின்றதோ அதைப் பொறுத்து காயிலுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். காயில் கொதிக்கும், மாட்யூலும் வெந்துவிடும். தயாரிப்பாளரே இதை எச்சரித்திருக்கிறார். இரண்டாம் தலைமுறையில் இதற்குப் பாதுகாப்பு உண்டு. வயரிங் சோதிக்க ரன்னில் வைத்தே ஆக வேண்டும் என்றால், அதுவரை மாட்யூலின் சிவப்பு வயரையும் காயில் பாசிட்டிவையும் கழற்றிவைத்துவிடுங்கள்.